ஹூயி அந்தரத்தில் நிற்க மாட்டேன் என்கிறது: குறை ஸ்டிக்கிலா, கையிலா?

ஊசித்தட்டான் | சனி, இரவு 11:20

வணக்கம் நண்பர்களே. பத்து வருடமாக சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிறேன். செஸ்னாவில் தொடங்கி ஏர்பஸ் வரை வந்தாயிற்று. போன மாதம் டிசிஎஸ் சிமுலேட்டரில் யூஹெச்-1ஹெச் ஹூயி ஹெலிகாப்டர் வாங்கினேன். மூன்று வாரமாகத் தினமும் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். இன்னும் பத்து விநாடிகூட ஒரே இடத்தில் நிறுத்த முடியவில்லை.

நடப்பது இதுதான். கலெக்டிவை (எல்லா பிளேடின் கோணத்தையும் ஒன்றாக மாற்றி வண்டியை ஏற்றி இறக்கும் நெம்பு) மெல்ல ஏற்றுகிறேன். ஸ்கிட் (சக்கரத்துக்குப் பதில் இருக்கும் சறுக்குக் கால்) தரையை விட்டதும் மூக்கு வலப்பக்கம் திரும்புகிறது. ஸ்டிக்கை இடப்பக்கம் முறுக்கி அதைப் பிடிப்பதற்குள் வண்டி முழுவதும் வலப்பக்கம் வழுக்குகிறது. இடப்பக்கம் சாய்க்கிறேன், இப்போது இடப்பக்கம் ஓடுகிறது. ஊஞ்சல் மாதிரி ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, நாலாவது ஆட்டத்தில் பிளேடு தரையைத் தொட்டுவிடுகிறது.

கையில் இருப்பது ஏழு வருடப் பழைய ஜாய்ஸ்டிக். முறுக்கினால் ரடர் (மூக்கைத் திருப்புவது), அடியில் சின்னதாக ஒரு த்ராட்டில் நெம்பு. கம்பெனி பெயர் வேண்டாம். கையை எடுத்துவிட்டாலும் நடுவில் நிற்காமல் நடுங்குகிறது, அதனால் டெட்ஸோன் (நடுவில் அசைவை ஏற்காத பகுதி) 8 வைத்திருக்கிறேன். புது ஸ்டிக் வாங்கினால் சரியாகுமா, இல்லை என் கைதான் இன்னும் பழக வேண்டுமா? வீட்டில் செலவைச் சொல்வதற்கு முன் எனக்கே தெளிவாகத் தெரிய வேண்டும்.

மீன்கொத்தி | ஞாயிறு, காலை 6:05

தட்டான், அந்த ஊஞ்சல் ஆட்டம் இங்கே எல்லோருக்கும் வந்ததுதான். உங்கள் விஷயத்தில் பாதி ஸ்டிக், பாதி கை. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஸ்டிக். டெட்ஸோன் 8-ஐ இன்றே எடுத்துவிடுங்கள். ஹோவரில், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்போது, கை செய்யும் திருத்தம் எல்லாம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். டெட்ஸோன் இருந்தால் அந்த மில்லிமீட்டர் வண்டிக்குப் போய்ச் சேராது. ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தள்ளுவீர்கள், எல்லை தாண்டியதும் வண்டி சட்டென்று சாயும். நீங்கள் சொல்லும் ஆட்டத்தில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது. டெட்ஸோனை எடுத்தபின் பழைய ஸ்டிக் நடுங்கினால், உள்ளே ஸ்டிக்கின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு அமைப்புப் பக்கத்தில் மருந்து கிடையாது. காந்த சென்சார் உள்ள ஸ்டிக்கில் உரசும் பாகம் இல்லை, இந்தத் தேய்மானமும் இல்லை. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம், விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி இவோ இரண்டிலும் தொடாத சென்சார்தான்.

அடுத்தது முறுக்கு. ஸ்டிக்கை முறுக்கும்போது மணிக்கட்டு கொஞ்சமாவது பக்கவாட்டில் சாயும். விமானத்தில் அது தெரியாது. ஹூயி அதை உடனே சைக்ளிக் (வண்டியைச் சாய்க்கும் ஸ்டிக்) உத்தரவாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் மூக்கைத் திருத்துவதாக நினைத்து வண்டியைச் சாய்த்துக்கொண்டும் இருக்கிறீர்கள்.

இனி கை. ஹூயியின் மெயின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதற்கு எதிர்வினையாக உடம்பு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும், வால் ரோட்டர் அதைத் தடுக்கும். அந்த வால் ரோட்டரின் தள்ளுவிசையே வண்டி முழுவதையும் வலப்பக்கம் நகர்த்தும். அதனால் ஹோவரில் சைக்ளிக் எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். இடது ஸ்கிட் சற்றுத் தாழ்ந்து தொங்கும். அதைச் சரிசெய்யப் போகாதீர்கள், ஹூயி நிற்கும் விதமே அதுதான்.

இன்னொன்று தாமதம். ஸ்டிக்கை அசைத்தால் முதலில் ரோட்டர் தட்டு சாயும், பிறகு உடம்பு சாயும், அதற்கும் பிறகுதான் வண்டி நகரும். நகர்வதைப் பார்த்துவிட்டுத் திருத்தினால் நீங்கள் எப்போதும் ஒரு விநாடி பின்னால். அதனால் நான் சொல்வது: கொடு, வாங்கு. இடப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் கொடுத்தால், வண்டி பதில் சொல்வதற்கு முன்பே அதில் பாதியைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். நிறுத்தியது போதாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். பிடித்துக்கொண்டே காத்திருப்பதுதான் ஊஞ்சலாகிறது.

நட்டு_போல்ட் | ஞாயிறு, காலை 9:40

மீன்கொத்தி அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்று. ஸ்டிக்கில் ஸ்பிரிங் பலமாக இருந்தால் மில்லிமீட்டர் கணக்கு கைக்கு வராது. நடுவை விட்டு எடுக்கவே ஒரு அழுத்தம் தேவைப்படும், அந்த அழுத்தத்தோடு கை இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகப் போய்விடும்.

விமானத்துக்கு நடு என்பது வீடு மாதிரி, விட்டால் ஸ்டிக் அங்கே திரும்பி வரும். ஹெலிகாப்டருக்கு அப்படி ஒரு வீடு இல்லை. ஹோவரில் ஸ்டிக் ஓர் இடத்தில் இருக்கும், 80 நாட் வேகத்தில் முன்னால் போய் இருக்கும். நிஜ ஹூயியில் ஃபோர்ஸ் ட்ரிம் பட்டனை அழுத்தினால் காந்தப் பிடி விடுபடும், ஸ்டிக்கை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பட்டனை விட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். உங்கள் மேசை ஸ்டிக் அதைச் செய்யாது, நடுவுக்கே இழுத்துக்கொண்டிருக்கும்.

கிளாடியேட்டரில் உலர் கிளட்ச் இருக்கிறது. நான் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு கிளட்ச் திருகைக் கொஞ்சம் இறுக்கி வைத்திருக்கிறேன். விட்ட இடத்தில் நிற்கும், சுண்டுவிரலால் தள்ளினாலும் போகும். அந்த மாலை முதல் முறையாக ஹோவரில் என் தோள் இறுகவில்லை.

வெண்கொக்கு | ஞாயிறு, மதியம் 1:15

ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். அதே ஸ்டிக்கில் விமானமும் ஓட்டுபவர் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட மாட்டார். டிசிஎஸ்ஸில் ஹெலிகாப்டர்களின் தனி அமைப்புகளில் ட்ரிம் முறை உண்டு. ஸ்பிரிங் உள்ள ஸ்டிக்குக்கு, ட்ரிம் பட்டனைத் தட்டியபின் நீங்கள் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவரும்வரை சிமுலேட்டர் அடுத்த அசைவை ஏற்காது, நடுவுக்கு வந்ததும் அதையே புதிய தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். ஸ்பிரிங் இல்லாத ஸ்டிக்குக்கு வேறு முறை. இதை மாற்றி வைத்துவிட்டு ட்ரிம் பட்டனைத் தட்டினால் வண்டி தலைகுப்புறப் போகும். பலர் ஸ்டிக்கைத் திட்டுவது இந்த ஒரு அமைப்பால்தான்.

செலவு வரிசையிலும் எனக்கு வேறு கருத்து. முதலில் பெடல், அதாவது மூக்கைத் திருப்பக் காலால் மிதிப்பது. எந்த பெடலானாலும் சரி, கால் தனி, கை தனி என்று ஆனால்தான் மூளை ஒவ்வொன்றையும் தனியாகக் கற்கும். நான் எக்ஸ்-பிளேன் 12 சிமுலேட்டரில் ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன். அதிகபட்ச எடையே 622 கிலோதான். 4,300 கிலோ ஹூயி ஒரு நொடி யோசித்து நகரும். ஆர்22 யோசிக்காது. முறுக்கு ஸ்டிக்கில் ஆறு மாதம் போராடிய நான் பெடல் வாங்கிய வாரத்தில் ஹோவர் செய்தேன்.

மீன்கொத்தி | ஞாயிறு, மாலை 5:30

அக்கா சொல்லும் வரிசையை ஒப்புக்கொள்கிறேன், ஒரு விதிவிலக்கோடு. ஸ்டிக் தானாக நடுங்கினால் முதலில் ஸ்டிக். நடுங்காத ஸ்டிக் என்றால் முதலில் பெடல். தட்டானுக்கு இரண்டும் வேண்டும் போலிருக்கிறது. கலெக்டிவ் கடைசி.

நட்டு_போல்ட் | ஞாயிறு, மாலை 6:10

கலெக்டிவைக் கடைசியில் தள்ளுவதை ஏற்க மாட்டேன், ஏனென்றால் அதை மட்டும்தான் வீட்டிலேயே செய்ய முடியும். நான் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

ஒன்றேகால் அங்குல பிவிசி குழாய் 45 செ.மீ. நாற்காலியின் இடப்பக்கம் ஒரு பலகை, அதில் இரண்டு எல் பட்டைகள். குழாயின் பின்முனையில் குறுக்காக ஒரு எட்டு மில்லிமீட்டர் போல்ட், அதுதான் அச்சு. இரண்டு பக்கமும் நைலான் வாஷர், கடைசியில் நைலாக் நட்டு. அந்த நட்டை இறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. குழாய் தன் எடையில் கீழே சரியக்கூடாது, இரண்டு விரலால் தூக்கினால் வர வேண்டும். கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. சாதா நட்டு போட்டால் இரண்டு நாளில் தளர்ந்துவிடும்.

போல்ட் முனையில் ஒரு சின்ன நியோடிமியம் காந்தம், அதன் எதிரே காந்தப் புலத்தை அளக்கும் 49இ ஹால் சென்சார். சென்சாரின் கம்பி ப்ரோ மைக்ரோ என்ற சின்ன மின்னணு போர்டுக்குப் போகிறது. அந்த போர்டு கணினிக்கு ஜாய்ஸ்டிக்காகவே தெரியும். போர்டு தருவது 1024 படிகள், குழாய் நகர்வது 40 பாகைக்குள் என்பதால் எனக்குக் கிடைப்பது 600 சொச்சம். சைக்ளிக்குக்கு அது போதாது, கலெக்டிவுக்குத் தாராளம். நாலைந்து அளவீடுகளின் சராசரியை எடுத்து அனுப்பச் சொன்னால் நடுக்கமும் போய்விடும்.

தட்டான், உங்கள் ஸ்டிக்கின் அடியில் இருக்கும் அந்த நெம்பு நகரும் தூரம் எவ்வளவு? நாலு செ.மீ இருக்குமா? என் குழாயின் பிடி முப்பது செ.மீ ஏறி இறங்குகிறது. அதே ஹூயிதான். ஆனால் ஒரு செ.மீ தூக்குவதற்கு என்ன அர்த்தம் என்பது இப்போது கைக்குத் தெரிகிறது.

ஊசித்தட்டான் | ஞாயிறு, இரவு 10:50

மூன்றரை செ.மீ, அளந்து பார்த்தேன். இதை நான் யோசித்ததே இல்லை.

ஒரு கேள்வி. த்ராட்டிலை முன்னால் தள்ளினால் கலெக்டிவ் ஏற வேண்டுமா, பின்னால் இழுத்தால் ஏற வேண்டுமா? இணையத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வெண்கொக்கு | திங்கள், காலை 7:00

இழுத்தால் ஏறட்டும். நிஜக் கலெக்டிவ் இடது தொடையின் பக்கத்தில் இருக்கும், மேலே தூக்கினால் ஏறும். பயந்தால் கை தன்னையறியாமல் ஏதாவது செய்யும், அது சரியான திசையாக இருக்கட்டும். போர் விமானமும் ஓட்டுகிறீர்கள், குழம்புகிறது என்றால் மட்டும் தள்ளுகிற முறையில் விடுங்கள். நடுவில் மாற்றாதீர்கள், அதுதான் முக்கியம்.

கரைக்காற்று | திங்கள், மாலை 4:25

இந்த இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன். நான் பைலட் இல்லை. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. புதிதாக வரும் பையன்கள் சேதக் ஹெலிகாப்டரில் ஹோவர் பழகுவதைத் தரையிலிருந்து வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். முதல் நாட்களில் ஒரு மைதானம் முழுவதும் அலைவார்கள். பிறகு அது ஒரு வட்டமாகச் சுருங்கும். பிறகு ஒரு நாள் வண்டி நிற்கும்.

ஆசிரியர்கள் மூன்று கட்டுப்பாட்டையும் ஒன்றாகக் கொடுக்க மாட்டார்கள். முதலில் பெடல் மட்டும், மற்றதை ஆசிரியர் பிடித்துக்கொள்வார். பையன் மூக்கை ஒரு மரத்துக்கு நேரே வைத்தால் போதும். அது வந்தபின் கலெக்டிவ். சைக்ளிக் கடைசியில். நீங்கள் எல்லோரும் தனியாக உட்கார்ந்து மூன்றையும் முதல் நாளே கையில் எடுக்கிறீர்கள். வராமல் போவதில் வியப்பில்லை.

சிமுலேட்டரில் பக்கத்து இருக்கையில் ஆசிரியர் இல்லை, அதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஹூயியை எழுப்பாதீர்கள். கலெக்டிவை ஏற்றி ஸ்கிட் தரையில் லேசாக நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். உடம்பு ஆடத் தொடங்கும், ஆனால் எழாது. அந்த நிலையில் பெடலால் மூக்கைத் தூரத்தில் உள்ள ஒரு கட்டடத்துக்கு நேரே ஐந்து நிமிடம் வைத்திருங்கள். கலெக்டிவைக் கொஞ்சம் ஏற்றுங்கள், இறக்குங்கள், மூக்கு அசையக்கூடாது. மூன்று நாள் இது மட்டும் செய்யுங்கள்.

இன்னொன்று கண். சின்ன வயதில் விளக்குமாற்றை உள்ளங்கையில் நட்டு நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கையைப் பார்த்தால் விழுந்துவிடும், நுனியைப் பார்த்தால் நிற்கும். ஹோவரும் அதுதான். மூக்குக்குக் கீழே தரையைப் பார்ப்பவன் ஓடுவான். ஐம்பது, நூறு மீட்டர் தள்ளிப் பார்ப்பவன் நிற்பான்.

சேதக் பிரெஞ்சு வடிவமைப்பு, ரோட்டர் வலஞ்சுழி. அதில் கலெக்டிவ் ஏற்றினால் வலது கால். ஹூயிக்கு இடது கால். ஒன்றில் பழகி இன்னொன்றுக்குப் போகும்போது முதல் நிமிடம் கவனம்.

மீன்கொத்தி | திங்கள், இரவு 9:15

ஐயா, ஸ்கிட் லேசாக நிற்கும் நிலையில் பெடல் பழகுவது எனக்குப் புதிது. இன்று முயன்று பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் கால் தாமதமாக வருவது தெரிந்தது. மிக்க நன்றி.

ரோட்டர் சுற்றும் திசையைப் பற்றி நீங்கள் சொன்னதைச் சிமுலேட்டர் வண்டிகளுக்கு விரித்துச் சொல்கிறேன். ஹூயி, ஆர்22, பெல் 407, எஸ்-76, அபாச்சி எல்லாம் இடஞ்சுழி, ஆகவே இடது கால். எம்ஐ-8, எம்ஐ-24, கஸல், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் வரும் கப்ரி ஜி2 வலஞ்சுழி, ஆகவே வலது கால். கேஏ-50-க்கு ஒரே அச்சில் எதிரெதிராக இரண்டு ரோட்டர், வால் ரோட்டரே இல்லை.

கண் விஷயத்தில் நமக்கு இருக்கும் தடை திரைதான். நிஜத்தில் பக்கவாட்டு நகர்வை ஓரக்கண் சொல்லிவிடும். 24 அங்குலத் திரையில் ஓரம் என்பதே இல்லை. விஆர் (மெய்நிகர்) கண்ணாடி இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இல்லாவிட்டால் ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமைக் கொண்டே தலையசைவைப் படிக்கும். தலையைத் திருப்பிப் பக்கச் சன்னல் வழியே பார்க்க முடிந்தாலே பெரிய வித்தியாசம்.

கத்துக்குட்டி_07 | செவ்வாய், மாலை 6:30

நான் கல்லூரி மாணவன். கையில் கேம்பேட் மட்டும்தான் இருக்கிறது, டிசிஎஸ் ஓடும் அளவுக்கு லேப்டாப்பும் இல்லை. நான் பழகவே முடியாதா அண்ணா?

மீன்கொத்தி | செவ்வாய், இரவு 8:00

முடியும் தம்பி. ஃபிளைட்கியர் சிமுலேட்டர் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், அதில் பிஓ 105 ஹெலிகாப்டர் இருக்கிறது. கேம்பேடின் கட்டைவிரல் ஸ்டிக் நகரும் தூரம் மிகக் குறைவு, அதனால் ஹோவரை இப்போதைக்கு விட்டுவிடு. 60 நாட்டில் நேராக, ஒரே உயரத்தில் பறந்து பழகு. முன்னோக்கிப் போகும்போது வாலின் நிலைத்தகடுகள் காற்றில் பிடித்துக்கொள்ளும், வண்டி கிட்டத்தட்ட விமானம் மாதிரி நடக்கும். பிறகு ஒவ்வொரு நாளும் பத்து நாட் குறைத்துப் பார். 20 நாட்டை ஒட்டி உடம்பு நடுங்கும், தூக்கும் விசை சட்டென்று குறையும். அந்த இடத்தில் கலெக்டிவும் காலும் சேர்ந்து வர வேண்டும். அதுவரை வந்துவிட்டால் ஸ்டிக் வாங்கும் நாளில் நீ பாதி தூரம் கடந்திருப்பாய்.

உண்மையில் தட்டானுக்கும் இதே ஆலோசனைதான் சொல்வேன். ஹோவரிலிருந்து பறக்கப் பழகுவதைவிடப் பறப்பதிலிருந்து ஹோவருக்கு வருவது எளிது.

நட்டு_போல்ட் | புதன், காலை 8:45

கர்வ் (ஸ்டிக் அசைவுக்கு வண்டி தரும் பதிலை நடுவில் குறைத்து ஓரத்தில் கூட்டும் அமைப்பு) பற்றி யாரும் பேசவில்லையே? நான் சைக்ளிக்குக்கு 20 வைத்திருக்கிறேன். நடுவில் மென்மையாக இருக்கிறது.

வெண்கொக்கு | புதன், காலை 10:20

தம்பி, நீங்கள் ஸ்பிரிங் இல்லாமல் ஓட்டுகிறீர்கள். அப்படியானால் கர்வ் வைக்கவே கூடாது என்பேன். கர்வ் மென்மையாக்குவது நடுவை மட்டும்தான். ஓரத்துக்குப் போகப் போக அதே ஒரு மில்லிமீட்டர் அதிகமாக வேலை செய்யும். ஆனால் ஹோவரில் ஸ்டிக் நடுவில் இல்லை, இடப்பக்கம் தள்ளி நிற்கிறது. வேகமாகப் போகும்போது முன்னால் போய் நிற்கிறது. ஆக, ஒவ்வொரு வேகத்திலும் ஸ்டிக் ஒவ்வொரு குணம் காட்டும். கை எதைத்தான் மனப்பாடம் செய்யும்?

மென்மை வேண்டுமென்றால் சாச்சுரேஷனைக் குறையுங்கள். மொத்த வீச்சும் 75 சதவீதம் ஆகும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாக. கடைசி எல்லைவரை சைக்ளிக் போக வேண்டிய நேரம் சாதாரணப் பறப்பில் வராது. அதைவிட நல்ல வழி ஸ்டிக்குக்கு நீட்டிப்புக் குழாய். மேசை ஸ்டிக்கின் பிடி அச்சிலிருந்து ஒரு சாண் தூரம்தான் இருக்கும். நிஜ சைக்ளிக் தரையிலிருந்து இரண்டு முழங்காலுக்கு நடுவே எழுந்து வருகிறது. இருபது செ.மீ நீட்டித்து, ஸ்டிக்கை மேசையிலிருந்து எடுத்து முழங்கால்களுக்கு நடுவே வைத்து, முன்னங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் விரல் அசைவே போதும். தொடையில் ஊன்றுவதை மட்டும் விடாதீர்கள். தொங்கும் கை நடுங்கும்.

நட்டு_போல்ட் | புதன், இரவு 11:05

கர்வை எடுத்துவிட்டு 80 சாச்சுரேஷனில் இரண்டு மணி நேரம் ஓட்டினேன் அக்கா. முதல் அரை மணி நேரம் மோசம். பிறகு நீங்கள் சொன்னது புரிந்தது. 20 கர்வில் ஹோவருக்குள் வரும்போதெல்லாம் ஒரு தடுமாற்றம் இருந்தது, அதை என் கையின் குறை என்றே நினைத்திருந்தேன். அது இப்போது இல்லை. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

ஊசித்தட்டான் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7:30

எல்லோருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்கிறேன்.

கிளாடியேட்டர் வாங்கினேன். பெடல் பழையது, ஒரு நண்பர் பயன்படுத்தாமல் வைத்திருந்தார். கலெக்டிவுக்கு நட்டு_போல்ட் தம்பி சொன்னபடியே குழாய். என் மாமனார் ஒரு மாலை முழுவதும் கூடவே உட்கார்ந்து பட்டைக்குத் துளை போட்டுக் கொடுத்தார்.

கரைக்காற்று ஐயா சொன்ன மூன்று நாளை ஐந்து நாளாகச் செய்தேன். தரையைவிட்டு எழவே இல்லை. மூன்றாவது நாள் ஒரு விஷயம் கவனித்தேன். கலெக்டிவை ஏற்றும்போது இடது கால் பெருவிரல் நான் நினைப்பதற்கு முன்பே அழுந்தியது. மூக்கு அசையவில்லை.

ஆறாவது நாள் நேராக எழாமல், 60 நாட்டில் ஒரு சுற்று போய், ஓடுதளத்தின் மேல் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 20 நாட்டில் நடுக்கம் வந்தது. கலெக்டிவைத் தூக்கினேன், கால் தானாக வந்தது. ஓடுதளக் கோட்டின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடப்பக்கம் கொடுத்தேன், வாங்கினேன். கொஞ்சம் பின்னால் கொடுத்தேன், வாங்கினேன். கோடு அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பதிவைப் பிறகு போட்டுப் பார்த்தால் 48 விநாடி. இடது ஸ்கிட் தாழ்ந்துதான் இருந்தது, மீன்கொத்தி அண்ணன் சொன்ன மாதிரியே.

கண் கலங்கிவிட்டது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

இப்போது அடுத்த பிரச்சினை. இறங்கும்போது 100 அடியில் திடீரென்று கல் மாதிரி விழுகிறது. கலெக்டிவை எவ்வளவு தூக்கினாலும் இன்னும் வேகமாக விழுகிறது. நேற்று ஏழு முறை.

மீன்கொத்தி | ஞாயிறு, காலை 8:10

48 விநாடி! மனதாரப் பாராட்டுகிறேன், தட்டான்.

நீங்கள் சொல்வது சுழல் வளைய நிலை, நாம் விஆர்எஸ் என்போமே அது. ரோட்டர் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே வண்டி இறங்குகிறது. பிளேடு முனையில் காற்று மேலேறி மறுபடி உள்ளே வந்து வளையமாகச் சுற்றத் தொடங்கும். கலெக்டிவைத் தூக்கினால் அந்த வளையத்துக்குத் தீனி போடுகிறீர்கள், அதனால்தான் இன்னும் விழுகிறது.

இதற்கு மூன்றும் ஒரே சமயத்தில் சேர வேண்டும்: முன்வேகம் 20 நாட்டுக்கும் கீழே, இறக்கம் நிமிடத்துக்கு 300 அடிக்கும் மேலே, ரோட்டரில் சக்தியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றை உடைத்தால் போதும். வேகம் 30-க்குக் கீழே வந்துவிட்டால் இறக்க மானியில் ஒரு கண் இருக்கட்டும், 300-ஐத் தாண்ட விடாதீர்கள். மாட்டிக்கொண்டால் கலெக்டிவைக் கொஞ்சம் இறக்கி ஸ்டிக்கை முன்னால் தள்ளுங்கள், புதிய காற்றுக்குள் போனால் விடுபடும். 100 அடியில் அதற்கு உயரம் போதாது, ஆகவே 1,500 அடியில் வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு வெளியே வந்து பழகுங்கள். விழுவதற்கு முன் உடம்பு ஒரு மாதிரி அதிரும். அந்த அதிர்வைக் கண்டுகொள்ளத்தான் இந்தப் பயிற்சி.

வெண்கொக்கு | ஞாயிறு, மதியம் 12:40

தட்டான், மிக்க மகிழ்ச்சி. விஆர்எஸ் அடங்கியதும் ஆர்22 பக்கம் வாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதுதான் எனக்குப் பிடித்த பயிற்சி. ஆர்22-இன் ரோட்டர் லேசானது, சுழற்சியைச் சேமித்து வைக்காது. இன்ஜின் நின்றால் ஒரு விநாடிக்குள் கலெக்டிவ் கீழே போக வேண்டும். 65 நாட் பிடித்து இறங்கி, 40 அடியில் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, எட்டு அடியில் சமன் செய்து, மிச்சமிருக்கும் சுழற்சியைக் கலெக்டிவில் செலவழித்து உட்கார வேண்டும். நிஜத்தில் இதைப் பழகுவது செலவும் ஆபத்தும் உள்ள வேலை. நம்மால் ஒரு மாலையில் முப்பது முறை செய்ய முடிகிறது.

இதெல்லாம் விளையாட்டுதானே என்று சிலர் சொல்வார்கள். 2021-இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, விஆர் கண்ணாடியில் ஓடும் ஒரு ஆர்22 பயிற்சிக் கருவிக்கு முதல் முறையாகத் தகுதிச் சான்று கொடுத்தது. அது அசையும் மேடையும் நிஜக் கட்டுப்பாடுகளும் உள்ள கருவி, நம் மேசை அல்ல. நாம் ஓட்டும் மணிக்கணக்கு எந்த உரிமத்துக்கும் சேராது. ஆனால் கால் முந்திக்கொண்டு வந்தது என்று எழுதினீர்களே, அது நிஜப் பழக்கம்தான்.

கரைக்காற்று | ஞாயிறு, மாலை 5:00

படித்ததும் மனம் நிறைந்தது தம்பி. சிகோர்ஸ்கி 1939-இல் தான் வடிவமைத்த விஎஸ்-300 ஹெலிகாப்டரைத் தரையோடு கயிற்றில் கட்டித்தான் முதலில் எழுப்பினார். அவருக்கு அந்த வண்டியைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, தானே பழகினார். நீங்கள் ஐந்து நாள் தரையிலேயே இருந்ததைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

இதுவரை நீங்கள் காற்று இல்லாத வானிலையில்தான் ஓட்டியிருப்பீர்கள். மிஷன் எடிட்டரில் 10 நாட் காற்று வையுங்கள். காற்றை முகத்தில் வாங்கி ஹோவரில் நின்று, பெடலால் மெல்ல ஒரு முழு வட்டம் சுற்றுங்கள், ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு. காற்று வாலுக்குப் பின்னால் வரும்போது மூக்கு தானாகவே காற்றின் பக்கம் ஓடப் பார்க்கும், அங்கே கால் சும்மா இருக்கக்கூடாது. இடப்பக்கச் சுற்றை முதலில் செய்யுங்கள். எந்த இடத்தில் கை தடுமாறியது என்று எழுதுங்கள்.

ஊசித்தட்டான் | ஞாயிறு, இரவு 11:40

செய்து பார்த்தேன் ஐயா. காற்று இடது பின்பக்கம் வந்தபோது இரண்டு முறையும் பின்னோக்கி ஓடினேன். மூன்றாவது முறை முக்கால் வட்டம் வரை வந்தது. நாளை காலை ஷிப்ட் இருக்கிறது, மாலையில் மறுபடி உட்காருகிறேன்.